இழுவையின் நீளம்

இழுவைப்படகின் நீளம் இருபத்தெட்டு மீட்டர். பத்தொன்பது வருடமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் எண். அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் நாற்பத்தொன்று என்றிருந்தது.

துறைமுகக் கண்காணிப்பு அறையில் பழைய ஏசி முனக, ஈரக் கோப்புகளின் புழுங்கல் வாடை மூக்கில் ஏற, எந்தப் படகு எங்கே நிற்கிறது, எந்தத் துறைக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே தேய்ந்துபோன கண்களை அவள் கசக்கிக்கொண்டாள். எதையாவது கட்டி இழுத்தால் அதையும் கயிற்றையும் சேர்த்து, திரையில் தெரியும் நீளத்தைப் படகிலிருந்தே மாற்றுவார்கள். இதுவோ மிதவை விளக்கைப் பார்த்துவர வெறுங்கையோடு போன படகு. அதன் என்ஜின் மெக்கானிக் அவள் புருஷன்.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "என்னத்தைக் கட்டி இழுத்துட்டு வர்றீங்க?"

"ஒண்ணுமில்லையே," என்றார் படகோட்டி. "ஆனா என்ஜின் ஏன் இந்த முக்கு முக்குதுன்னு தெரியல."

திரையில் தொண்ணூறு. பிறகு நூற்று அறுபது.

அதிகாரியிடம் போனாள். வாரத்துக்கு மூன்று விடுவதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் சுற்றறிக்கை. தன் கையெழுத்துக்குக் காத்திருந்துதான் கடல் அலையடிக்கிறது என்ற நினைப்பு அவருக்கு.

"இழுவை நூறு மீட்டர் தாண்டினா உள்ளே விடக்கூடாதே சார். வெளியிலேயே நிறுத்தணும்."

"படகு இருபத்தெட்டும்மா. திரை பெரிசா, நான் கையெழுத்துப் போட்ட பதிவேடு பெரிசா? பேசாம அனுமதி கொடு."

அவளுக்கும் அலுப்பு. இரண்டு நாளாகத் தூங்காத மனுஷன், வந்து சேர்ந்தால் போதும். பதிவேட்டில் இருபத்தெட்டு என்று எழுதி அனுமதி கொடுத்தாள்.

படகு துறைமுக வாயைத் தாண்டியதும் வயர்லெஸ் கரகரத்தது. "பின்னாடி ஒரு கயிறு தண்ணிக்குள்ள போகுது. நாங்க கட்டினது இல்ல."

"வெட்டுங்க."

"ரெண்டு தடவை வெட்டியாச்சும்மா."

படகு மேடையை ஒட்டி நின்றது. வேகம் பூஜ்யம். நீளம் இருநூற்றுப் பத்து.

நூற்று எழுபது.

நூறு.

படகு அசையவில்லை. கயிற்றின் மறுமுனைதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கரைக்குக் குதிங்க," என்றாள். ஜன்னலுக்கு ஓடினாள். கீழே, படகின் முகப்பில் அவள் புருஷன். கட்டுக்கயிற்றை முடிந்துவிட்டு முதுகை நிமிர்த்தினான். அவளைப் பார்த்தான். கையசைத்தான். அவள் கண்ணாடியை அறைந்தாள். அவன் சிரித்தான்.

அவனுக்குப் பின்னால் படகின் கடைக்கோடி மெல்லத் தாழ்ந்தது, கனத்த ஆள் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்காரும்போது தாழ்வதுபோல.