சுருதி திருத்துகிறவன்

"இது பாட்டா? தகர டப்பாவுக்குள்ள கொசு மாட்டிக்கிட்ட மாதிரில்ல இருக்கு!"

உனைசி அதை வாய்விட்டுச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சுவாவின் மழை இருக்கிறதே... பேருந்துக் கூரையில் அது கொட்டுகிற கொட்டில், மனசுக்குள் பேசுவதைக்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் வேறு ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்திருந்தார். ஃபிஜி முழுக்க அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டு. பாடுகிறவன் குரல் வளையவேண்டிய இடத்தில் வளையாமல், படிக்கட்டு ஏறுகிற மாதிரி டக் டக்கென்று தாவியது.

"பாட்டு பிடிக்கலையா?"

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல். உனைசி திரும்பினாள்.

கண்கள்தான் முதலில் தெரிந்தன. பெரிய, அமைதியான கண்கள்... ஓரத்தில் மட்டும் ஒரு குறும்பு. கண்ணாடி இல்லாத சன்னலின் படுதா காற்றில் கிழிந்துவிடாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிப் பிடிக்கும்? பாடுறது மனுஷனா மிஷினான்னே தெரியல. ஆண்டவன் தொண்டையில வச்சதைச் சுரண்டி எடுத்துட்டு பிளாஸ்டிக்கை வச்சிருக்காங்க!"

"சுருதியைத் திருத்தினவன் வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருப்பான். கேட்கிறவங்களுக்கு அது பிடிக்குதே..."

"அவனை எங்கயாவது பார்த்தா சொல்லுங்க. எங்க கோயில் பாடகர் குழுவுல பல்லு விழுந்த பசங்ககூட இதைவிடச் சுருதியா பாடுவாங்கன்னு."

"சொல்லிட்டேன்."

"எப்போ?"

"இப்போதான். அவன் காதுல நல்லாவே விழுந்துச்சு."

உனைசிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும்... ஐயோ! காது மடல் வரை சூடேறியது. மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டாள். அவள் வேலை செய்யும் கடையில் கடைசி அடுப்பில் வெந்த ரொட்டி; இன்னும் இளஞ்சூடு.

"எந்தத் தீவு நீங்க?" என்றாள், தோற்காத மாதிரி.

"கண்டாவு."

"அதானே பார்த்தேன்! கண்டாவுக்காரங்க கவா வேரைக் கரைச்சுக் குடிச்சுக் குடிச்சே காது அடைச்சுப் போனவங்களாச்சே."

"லாவுத் தீவுக்காரங்களா நீங்க? வாயைப் பார்த்தாலே தெரியுது." சிரித்துக்கொண்டே எழுந்தான். "ரைவாங்கா வந்தாச்சு. படுதாவை இப்படிப் பிடிச்சுக்குங்க. இல்லேன்னா ரொட்டி நனைஞ்சிடும்."

அவன் இறங்கிய பிறகுதான் கவனித்தாள். அவன் சட்டையின் ஒரு பக்கம் முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. அவள் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை...

அதோடு மறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

வீட்டில் அப்பாவின் கதை வேறு. சாகியுசா என்றால் அவர்கள் தேவாலயத்தில் தெரியாதவர் கிடையாது. மேல்குரல் வரிசையில் அவர் வாயைத் திறந்தால் தெருவில் போகிறவன் நின்றுவிட்டுப் போவான். போன வருடம் தொண்டையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. உச்சத்துக்குப் போனால் வழுக்கி விழுந்தது. அதிலிருந்து ஞாயிறு காலைகளில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை மூடியே வைத்திருந்தார்.

அண்ணன் ரூபேனி சினாய்ப் பாலைவனத்தில் அமைதிப்படையில் இருந்தான். அவனுக்கு அங்கிருந்து ஒரே ஆசை. "அப்பா பாடின பாட்டு ஒண்ணு அனுப்பு உனைசி. இங்க மணலைத் தவிர வேற சத்தமே இல்ல." அப்பா மாட்டேன் மாட்டேன் என்றார். மகன் தொலைபேசியில் இன்னொரு தடவை கெஞ்சியதும், "சரி... ஒரே ஒரு தடவை" என்றார்.

ரைவாங்காவில், டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஒலிப்பதிவு அறை இருப்பதாகச் சொன்னார்கள். உனைசி கதவைத் தட்டினாள். திறந்தது... அதே கண்கள்.

"வாங்க. கொசு பிடிக்க வந்தீங்களா?"

உனைசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நிற்கும் அப்பாவைப் பார்த்ததும் அவன் குறும்பெல்லாம் அடங்கி, தலை தாழ்த்தி வணங்கினான். பெயர் இனோகே என்றான்.

அப்பா பாடினார். சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய சின்ன அறை. முதல் அடி நன்றாகவே போனது. இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறியது... ஏறி... சறுக்கியது. மறுபடி முயன்றார். மறுபடியும் சறுக்கியது. காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போதும் தம்பி. உன் நேரத்தை வீணாக்கிட்டேன்." உனைசி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"இல்லைங்க ஐயா, நல்லாத்தான் வந்திருக்கு. நாளை மறுநாள் வந்து கேளுங்க" என்றான் இனோகே.

சொன்ன நாளில் போனார்கள். அவன் பொத்தானை அழுத்தினான். அறை நிறைந்தது. அப்பாவின் குரல்! பழைய அப்பாவின் குரல்... சறுக்காமல், நடுங்காமல், நேராக உச்சத்துக்குப் போய் நின்றது. சாகியுசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"திரும்பி வந்துடுச்சுடி... என் குரல் திரும்பி வந்துடுச்சு."

உனைசி இனோகேவைப் பார்த்தாள். அவள்மேல் இருந்த கண்ணை எடுத்து அவன் தரையைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வருடமாகச் சிரிக்காத முகம் சிரிக்கும்போது யாருக்குத்தான் மனசு வரும்?

அதன் பிறகு உனைசிக்கு ரைவாங்கா வழியாகப் போக ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கடையில் ரொட்டி மிஞ்சிவிட்டது... மழைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது... இனோகே தேநீர் போடுவான். அவள் ரொட்டியைப் பிட்டு வெண்ணெய் தடவுவாள். கணினித் திரையில் குரல்களைக் காட்டுவான். ஒவ்வொரு குரலும் ஒரு கோடு. மேலே போனால் மேலே ஏறும், கீழே வந்தால் இறங்கும்.

"இந்தா பாருங்க, இந்தப் பையன் இங்க கொஞ்சம் கீழ நிக்கிறான். விரலால இப்படித் தூக்கி விட்டா... ஏறிட்டான்."

"அப்போ அவன் பாடாததை நீங்க பாடுறீங்க."

"அவன் பாட நினைச்சதை."

"நீங்களே ஏன் பாடக்கூடாது?"

இனோகே தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "சின்ன வயசுல கோயில் குழுவுல நின்னேன். குழுத் தலைவர் என் பக்கத்துல வந்து காதோட சொன்னாரு... 'நீ வாயை மட்டும் அசை, போதும்.' நாலு வருஷம் அசைச்சேன். எங்கம்மா முன் வரிசையில உட்கார்ந்து என் குரலைத் தேடிக்கிட்டே இருப்பாங்க." சிரித்தான். "இந்த மென்பொருளை முதல் தடவை பார்த்தப்போ அழுதுட்டேன், தெரியுமா? என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒருத்தன் உட்கார்ந்து யோசிச்சிருக்கானேன்னு."

உனைசிக்கு அன்று ரொட்டி இறங்கவில்லை. பேருந்தில் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. ஒரு நாள் மாலை, மரவள்ளிக் கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார். "ஆகஸ்ட்ல நடக்கிற சபை மாநாட்டுல தனிக்குரல் நான்தான் பாடப் போறேன். குழுத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவரே அசந்துட்டாரு."

உனைசியின் கையிலிருந்த கிழங்கு தட்டில் விழுந்தது. மாநாடு! எல்லாத் தீவிலிருந்தும் வெள்ளை உடுத்து வந்து உட்கார்ந்திருப்பார்களே... அத்தனை பேர் முன்னால் அப்பா உச்சத்துக்குப் போவார். சறுக்குவார்.

மறுநாள் ஒலிப்பதிவு அறையின் கதவைத் தட்டக்கூட இல்லை. தள்ளிக்கொண்டே நுழைந்தாள்.

"எங்கப்பாவை ஏமாத்திட்டீங்க!"

அவன் எழுந்து நின்றான். விஷயத்தைக் கேட்டான். முகம் வெளுத்தது. "நான் இப்படி ஆகும்னு..."

"நினைக்கல! உங்களுக்கென்ன, விரலால தூக்கி விட்டா ஏறிடும். மாநாட்டுல யார் தூக்கி விடுவா?"

"உனைசி... அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

உண்மை. உண்மை என்பதால்தான் அப்படிச் சுட்டது. வெளியே வந்தாள். மழையில் குடை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் காலடி வைக்கிறேனா பார்...

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இனோகே. சாம்பல் நிறச் சூலு வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டு கையாலும் ஒரு கட்டு கவா வேரை ஏந்தியிருந்தான். உள்ளே வராமல் வாசற்படி ஓரத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து, தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்க வருகிறவன் அப்படித்தான் உட்காருவான். அப்பா புருவத்தைச் சுருக்கியபடி எதிரே வந்து அமர்ந்தார்.

"ஐயா, அந்தப் பதிவுல இருக்கிறது உங்க குரல்தான். ஆனா நீங்க பாடினபடி இல்ல. சறுக்கின இடத்தையெல்லாம் நான் மிஷின்ல திருத்திட்டேன். உங்களைக் கேட்காமலே திருத்தினேன். திருத்தினதைச் சொல்லவும் இல்ல. தப்பு என்னோடது."

வெளியே மழைநீர் கூரையிலிருந்து சொட்டியது.

"என் பொண்ணுக்குத் தெரியுமா?"

இனோகே தலையை நிமிர்த்தவில்லை. வாயையும் திறக்கவில்லை.

உனைசி அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவன் சொல்லமாட்டான். கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டான் என்று தெரிந்தது. திரையை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்ப்பா. கேட்டப்பவே தெரியும்."

சாகியுசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் இருந்த வேரை அவர் தொடவே இல்லை. எழுந்து உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேரைத் தொடாமல் போவது என்றால்... அதைவிடப் பெரிய 'இல்லை' இந்த மண்ணில் கிடையாது. இனோகே அதை அங்கேயே விட்டுவிட்டு, மழையில் இறங்கி நடந்தான். உனைசி அவன் முதுகு மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் அப்பா பயிற்சிக்குப் போகவில்லை. அம்மா வைத்த சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். உனைசி கடைக்குப் போனாள், வந்தாள். பேருந்தில் அந்தக் கொசுப்பாட்டு வந்தபோது மட்டும் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது...

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அப்பாவைக் காணோம்.

"அந்த வேரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரைவாங்கா பஸ் ஏறிட்டாருடி" என்றாள் அம்மா. "திருப்பிக் குடுக்கவா, தலையில அடிக்கவா... ஒண்ணும் சொல்லல."

உனைசி வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

டயர் கடையைத் தாண்டும்போதே கேட்டது. அப்பா பாடிக்கொண்டிருந்தார்! கதவு பாதி திறந்திருந்தது. தரையில் மரக்கிண்ணம் நிறைய, அந்த வேரை இடித்துக் கலக்கிய கவா. அப்பா கணினித் திரைக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். இனோகே பக்கத்தில்.

"மறுபடி ஐயா. அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே பாடுங்க."

அப்பா பாடினார். மேலே அல்ல... கீழே. உனைசி இதுவரை கேட்டிராத கீழே. திரையில் கோடு நடுங்காமல் படுத்த கடல் மாதிரி ஓடியது.

"நான் ஒண்ணும் திருத்தல" என்றான் இனோகே. "எல்லாத்தையும் அணைச்சு வச்சிருக்கேன். இது உங்க குரல், நீங்க பாடினபடியே."

அப்பா மகளைப் பார்த்துவிட்டார். கண்கள் பளபளத்தன. "முதல்ல இவன் திருத்தாத பதிவைப் போடச் சொல்லிக் கேட்டேன்டி. முழுசாக் கேட்டேன். கேவலமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கெல்லாம் சறுக்குறேன்னு இந்தக் கோடு காட்டுச்சு. சறுக்குறது உச்சத்துல மட்டும்தான்! முப்பது வருஷமா மேலேயே ஏறிக்கிட்டு இருந்தேன். டாக்டர் கத்தி வச்சதும் கீழ விழுந்துட்டேன்னு நினைச்சேன். பார்த்தா... கீழ எனக்கு ஒரு வீடே இருக்கு!"

தனிக்குரலை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிக் குழுத் தலைவரிடம் அவரே பேசிவிட்டாராம். ஆகஸ்டில் கீழ்க்குரல் வரிசையில் நிற்கப் போகிறாராம். திருத்தின பதிவை அல்ல, சினாய்க்கு இதைத்தான் அனுப்பவேண்டுமாம், சுத்தமாக, அப்படியே. அன்றே அனுப்பினார்கள். கிண்ணம் காலியாவதற்குள் ரூபேனி அழைத்துவிட்டான். அழுதுகொண்டே பேசினான். "அப்பா... பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரியே இருக்குப்பா."

அப்பா தொலைபேசியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் கிளம்புறேன். உங்கம்மா தேடுவா."

"இருங்கப்பா, நானும்..."

"நீ மெதுவா வா. மழை குறையட்டும்." வாசலில் நின்று திரும்பினார். "இனோகே! இன்னும் எத்தனை நாளைக்கு ஐயா, கொய்யான்னு கூப்பிடப் போறே? மாமான்னு கூப்பிடு."

போய்விட்டார்.

மாமா! அந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்று தெரியாதவர்கள் இந்தத் தீவுகளில் உண்டா என்ன? இனோகே அவசரமாக ஒரு கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். ஏற்கெனவே சுற்றியிருந்த கம்பி அது.

"அன்னைக்கு என் பேரைச் சொல்லாம பழியெல்லாம் நீங்களே வாங்கிக்கிட்டீங்க..." என்றாள் உனைசி. "கோபம் இல்லையா?"

"கோபமா?" கம்பியைக் கீழே வைத்தான். "உங்கப்பா முதல் தடவை கேட்டு அழுதாரே... அப்போ நான் அவரைப் பார்க்கல. உன்னைத்தான் பார்த்தேன். அந்த முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அது அணைஞ்சிடக்கூடாதுன்னு எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லியிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கே பயம். அதனாலதான் வந்து உண்மையைச் சொன்னேன். உன்கிட்ட மட்டும் பொய்யா இருக்க முடியாது உனைசி... உன்னை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

வெளியே மழை வலுத்தது. அவள் நெஞ்சுக்குள் அதைவிட.

"நீங்க வந்து வாசல்ல உட்கார்ந்தீங்களே... நான் பக்கத்துல வந்து உட்கார்ந்தது அப்பாவுக்காகன்னா நினைச்சீங்க?"

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இப்போது குறும்பே இல்லை. நம்பலாமா வேண்டாமா என்று ஒரு தவிப்பு.

"எனக்குப் பாட வராது" என்றான் மெல்ல. "உங்க வீட்ல எல்லாருமே பாடுறவங்க..."

உனைசி ஓர் அடி முன்னால் வந்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் சொல்றேன். எல்லாரும் பாடினா... கேட்கிறதுக்கு ஒருத்தர் வேண்டாமா?"