பாலையூற்று வெளியில் ஒரு புதுக் கப்று

டெலிபோன் அலறியது!

காலைத் தேநீரில் வாய் வைக்கப் போன சப் இன்ஸ்பெக்டர் கலீலுர் றஹ்மான் ரிசீவரை எடுத்தார்.

"ஐயா... கொலை! பாலையூற்று வெளியில ஆரையோ கொண்டுபோட்டு மண்ணுக்குள்ள தாட்டிருக்கிறாங்கள்!"

"நீங்க ஆரு பேசுற?"

"கோணேஸ்வரி. சங்கக் கடையில நிண்டு கதைக்கிறன். மாடு கட்டப் போனனான்... நேற்று வெறும் நிலம் ஐயா! இண்டைக்கு ஒரு புதுக் கப்று இருக்கு!"

றஹ்மான் தேநீரை ஏக்கத்தோடு பார்த்தார். கொலை செய்கிறவனுக்குக் கொஞ்சமாவது நேரங்காலம் வேண்டாமா?

ஜீப் பறந்தது.

வெளியில் ஊரே கூடி நின்றது. மாரி மழை ஓய்ந்த ஈரம். நடுவில் நீளமாக ஒரு மண்மேடு. தலைமாட்டில் ஒரு கட்டை, கால்மாட்டில் ஒரு கட்டை, மேலே ஒரு பச்சைக் கொப்பு. முஸ்லிம்கள் இறந்தவரின் மையத்தை அடக்கிய கப்று மாதிரியேதான்!

அதற்குப் பக்கத்தில் இரண்டு பேர் சேவல் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருவர் இராசநாயகம். ஓர்ஸ் ஹில் கந்தோரில் நகரத் திட்ட அதிகாரி. இந்த வெளியில் ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது, மழைத் தண்ணீர் தங்கும் திறந்தவெளியாகவே விட்டுவிட வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதிவிட்டுத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்பவர்.

மற்றவர் கொந்தராத்துக்காரர் தங்கத்துரை. அதே வெளியை மண் கொட்டி நிரப்பி, சினிமாத் தியேட்டர் கட்டத் துடிப்பவர்.

யாருக்கு வெற்றி? அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து வரும் பெரிய அதிகாரி முடிவு சொல்ல இருந்தார். தங்கத்துரைக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. இராசநாயகத்துக்கு வாய் மட்டுந்தான்!

"தியேட்டர் வந்தா மாரித் தண்ணி எங்க போறது? எங்கட குசினிக்குள்ளதான்!" கோணேஸ்வரி குரல் உயர்த்தினாள். "போன வருசம் ஒரு மூலையை மூடினதுக்கே என்ர அடுப்புக்குள்ள தவளை கத்தினது!"

றஹ்மான் திரும்பினார்.

"தங்கத்துரை முதலாளி... ராவு எங்க இருந்த?"

"நானோ?" தங்கத்துரை நெஞ்சில் கை வைத்தார். "கப்று இருந்தா நான் எப்பிடி ஐயா தியேட்டர் கட்டுறது? மையவாடிக்கு மேல படம் பாக்க ஆர் வருவினம்... பேயோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நியாயமான கேள்வி! கப்று வந்தால் நட்டம் தங்கத்துரைக்கு. அப்படியானால் லாபம்...?

சரி, எவராக இருந்தாலும் மவுத்தானவர் மவுத்தானவர்தான். அவருக்காக ஒரு துஆ கேட்போம் என்று றஹ்மான் மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக் கை ஏந்தினார்.

ஏந்திய கை பாதியில் நின்றது.

சூரியனைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். மறுபடி சூரியன்!

"மண்வெட்டி கொண்டாங்க!"

"ஐயோ! நீதவானின்ர உத்தரவு இல்லாமலோ?" இராசநாயகம் பதறினார்.

"மையத்து இல்லாத குழிக்கு நீதவான் எதுக்கு சேர்?"

தோண்டினார்கள். எலும்பு இல்லை. துணி இல்லை. ஒன்றுமே இல்லை! மூன்றடி போனதும் ஊற்று மாதிரித் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது.

றஹ்மான் தலைமாட்டுக் கட்டையைப் பிடுங்கினார். மேலே சீவிச் சீவி வெள்ளையாக்கியிருந்தது. மண்ணுக்குள் இருந்த அடியில்... சிவப்புப் பெயின்ற்! நில அளவைக்கு அடிக்கிற கட்டை. ஊருக்குள் அது இருப்பது ஒரே கந்தோரில்.

இராசநாயகத்தின் முழங்கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"ஏன் சேர் இப்பிடிச் செஞ்ச?"

இராசநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற வழி தெரியேல்லை ஐயா. எழுதினன், கெஞ்சினன்... ஒருத்தரும் கேக்கேல்லை. கப்று இருந்தா ஒருத்தனும் கை வைக்கமாட்டான் எண்டு நினைச்சன்."

"எங்கட மையத்து விசயம் உங்களுக்கு விளையாட்டா?" றஹ்மானுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "எனக்கு மனசு நோகுது சேர். உங்கட வேலை போகும், தெரியுமா?"

"பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர வேலை போனாலும் பரவாயில்லை... இந்த வெளி போகக்கூடாது."

றஹ்மான் சிவப்புப் பெயின்ற் கட்டையை ஜீப்புக்குள் போட்டு மூடினார்.

பின்னேரம். கொழும்புக் கார் வந்து நின்றது!

தங்கத்துரை குடையோடு ஓடினார். "வாங்கோ சேர்! அருமையான நிலம்!"

"இதென்ன குழி?" என்றார் கொழும்பு அதிகாரி.

இராசநாயகத்துக்கு விளங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது... வேலை, வெளி, மானம்!

றஹ்மான் முன்னால் வந்தார்.

"நான்தான் தோண்டச் சொன்ன சேர். உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு பாத்த. தண்ணிதான் இரிக்கி!"

ஒரு சொல்லும் பொய் இல்லை!

"பொய்! இது கல்லு மாதிரி நிலம் சேர்!" என்று குழி விளிம்பில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார் தங்கத்துரை.

சளக்!

முழங்கால் வரை போய்விட்டார். இரண்டு கொன்ஸ்தாபிள்கள் இழுத்ததில் கால் வந்தது... சப்பாத்து வரவில்லை!

கொழும்பு அதிகாரி குழியைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், இராசநாயகத்தின் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பாலையூற்று வெளி இனி என்றைக்கும் வெளிதான்!

கோணேஸ்வரி கைதட்டினாள். இராசநாயகம் றஹ்மானின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா... ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. தோண்ட முன்னமே எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? நீங்கள் மேற்கைப் பாத்துத் தொழுறனீங்கள் எண்டுதானே தலையை மேற்கே வைச்சனான்!"

றஹ்மான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கட மையத்துக்குத் தலை வடக்கால, முகம் மட்டுந்தான் மேற்கால சேர். நீங்க வெச்ச மாதிரி வெச்சா, அந்த மனிசன் முகம் தெற்கால திரும்பி, உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் உங்கட ஓர்ஸ் ஹில் கந்தோரையே பாத்துக்கிட்டுக் கிடக்கணும்... மவுத்தானதுக்குப் பிறகுமா அந்தத் தண்டனை?"