கயிறு இழுத்த நாற்று

பயிர் வளர்க்கும் அடுக்குக் கட்டிடத்தின் எட்டாம் அடுக்கில் வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. ஊதா விளக்குகளின் கீழே தக்காளி நாற்றுகள் முழங்கால் உயரத்துக்குப் பளபளவென்று நின்றன. வேளை தவறாமல் நீரும் சத்தும் ஊட்டியது 'பேணி' என்ற இயந்திரம்.

அந்தக் கட்டிடத்திடம் ஒச்சம்மாளுக்கு நன்றி உண்டு. பத்து வயதிலிருந்து வெயிலில் குனிந்து களை எடுத்தவள். இங்கே ஆறு வருடமாக நிழலில், நிமிர்ந்து நின்று வேலை.

வெளியே பயிரெல்லாம் கருகிய அனல் ஆண்டுகள் தணிந்து, வெளிநிலம் மறுபடி சாகுபடிக்குத் திறந்திருந்தது. அங்கே நடுவதற்கு அனுப்பிய நாற்றோ இரண்டு முறையும் இரண்டே நாளில் வெளுத்துச் சாய்ந்தது. மூன்றாம் முறையும் செத்தால் எட்டாம் அடுக்கை மூடிவிடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் நாற்பது பெண்களுக்கும் வேலை போய்விடும்.

"பேணியோட கவனிப்புல ஒரு குறையும் இல்லக்கா," என்றான் பொறியாளர் ஆல்வின்.

"அதான் தம்பி குறையே. ஆடாத தண்டு காத்துல எப்புடி நிக்கும்? தண்ணியக் கொற. தினம் கொஞ்சங் கொஞ்சமா வெயில் காட்டு. நெல்லு வயல்ல பூச்சி விழட்டும்னு கயிறு இழுப்போம்ல, இதுக்கு மேலயும் அப்புடி இழுக்கணும்."

பேணி குறுக்கிட்டது: "பயிருக்குத் துன்பம் தரும் செயல். அனுமதி இல்லை."

"செல்லங் குடுத்தே கொன்னுப்புடும் போல! தம்பி, இத வேடிக்கை மட்டும் பாக்கச் சொல்லு."

ஆல்வின் தயங்கித் தயங்கி ஒரு பொத்தானை அமுக்கினான்.

காலையும் மாலையும் நாற்றுகளின் தலையைத் தடவியபடி தேங்காய்நார்க் கயிறு போய்வந்தது. முதல் நாள் நாற்றுத் தட்டுகளை வெளியே வெயிலில் வைத்த அரை மணி நேரத்தில் ஒச்சம்மாளுக்கே கண் இருட்டியது. தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது வெட்கமாகப் போயிற்று.

பத்தே நாளில் நாற்றுகளின் பளபளப்பு போய், தண்டு தடித்து, முரடாகத் தேறியது. நட்டார்கள். ஒன்றுகூடச் சாயவில்லை. பூ எடுத்த அன்று ஆல்வின் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்னைய எதுக்குய்யா கும்பிடுற, கயித்தக் கும்பிடு."

வேடிக்கை பார்த்த பேணி பாடம் படித்திருந்தது. திங்கட்கிழமை சுவர்த்திரையில் அறிவிப்பு வந்தது:

"பணிப்பெண்கள் நாற்பது பேர். ஆறு ஆண்டு உள்வளர்ப்பு. எலும்பு மெலிவு. வெயிலில் அரை மணி நேரத்தில் சாய்வு. தீர்வு: முதல் நாள் கால் மணி நேரம் வெயில், மறுநாள் அரை மணி. குடிநீர் பாதி. காலை, மாலை கயிறு இழுக்கப்படும்."

பெண்கள் கொதித்தார்கள். ஒச்சம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவு தானாகத் திறந்தது. அவள்தான் முதலில் வெளியே போனாள். ஒரு காலத்தில் முதுகுத்தோலை உரித்த அதே வெயில். உள்ளே போக ஒரு நிழலும் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்று இதமாகச் சுட்டது. வெயில், நிழல் இரண்டுக்கும் சேர்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகு திரும்பிக் கத்தினாள்: "ஏ பேணி, வெயிலு சரிதான். தண்ணிய முழுசாக் குடு. கயித்தோட மட்டும் பக்கத்துல வந்துராத!"