மூலைப் பீப்பாயின் பங்கு

காலையில் தட்டியபோது 'தொப்' என்ற மூலைப் பீப்பாய், மத்தியானம் அதே இடத்தில் 'டொங்' என்றது.

அம்புறோஸ் மறுபடி தட்டிப் பார்த்தார். ஜெர்மனியின் பான் நகருக்கு வெளியே, ரைன் நதிக் கரையோரப் பழைய வைன் நிலவறை ஒன்றில், ஸ்கொட்லாந்துத் தீவிலிருந்து வந்த சிங்கிள் மால்ட் விஸ்கிப் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு போனால் வெறுமை உள்ளவரை டொங். சரக்கு தொடங்கும் இடத்தில் தொப். வருடாவருடம் கொஞ்சம் மரத்தினூடாக ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆனால் எந்தத் தேவதையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அரை முழம் குடிக்காது.

கசிவும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

"தேவதை குடிச்சதோ, நீர்தான் குடிச்சீரோ?" பாரந்தூக்கி ஓட்டும் ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணடித்தார்.

"சும்மா இருங்கோ அண்ணை! கெவலார் கோயில் மாதாவுக்கு முன்னால மனுசிக்குச் சத்தியம் பண்ணினனான். இனி ஒரு சொட்டு உள்ள போனா ஈரல் போயிடும். ஈரலுக்கு முதல் மனுசி போயிடுவா."

"அப்ப மூலைக்காரருக்கு இப்ப ஒண்டும் தெளிக்கிறேல்லையோ?"

அம்புறோஸ் சிரிக்கவில்லை. முதல் மிடற்றுக்கு முன் விரலை நனைத்து மூன்று துளி சுண்டுவது ஊர்க் குடிகாரர் எல்லோரும் செய்வதுதான். யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. மாதிரி பார்க்கும் சாக்கில் அவர் குடித்ததையெல்லாம் ரைனில் ஊற்றியிருந்தால் பான் நகரமே வள்ளத்தில் வேலைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த மூலையில்தான் சுண்டினார். ஆவணியோடு குடி நின்றது. துளியும் நின்றது.

அன்று வீட்டுக் கதவிலேயே மனைவி தேவமலர் மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சிருக்கிறியள்."

"இல்லையப்பா, ஊதிக் காட்டுறன்."

ஊதினார். தேவமலர் மெல்லப் பின்வாங்கினார்.

"வாயில இல்லை. உங்கட முதுகில மணக்குது. நாளைக்கும் மணந்தா நான் கொலோனுக்கு அக்காவிட்டைப் போறன்."

உலகக் கிண்ண வருடத்து டிசெம்பர். மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கே வெளியே இருட்டு. மூலைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்துவிடுவோம் என்று அம்புறோஸ் தனியே படியிறங்கினார். புகையும் கரிமண்ணில் வாட்டிய பார்லியின் வாசம், கடற்பாசி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, ஊறிப்போன ஓக் மரம் எல்லாம் சேர்ந்து, ஈரக் கம்பளியால் முகத்தை மூடுவதுபோல அவர்மீது கவிந்தன. அந்த வாசம் பீப்பாய்களின் பக்கத்திலிருந்து வரவில்லை, அவருக்குப் பின்னால் ஒரு படி தள்ளி இறங்கி வந்தது.

மூலைப் பீப்பாயிலிருந்து குழாயால் எடுத்துக் கிளாஸில் விட்டார். விரலை நனைத்தார். குடிக்கவில்லை. மூலையைப் பார்த்துச் சுண்டினார்.

துளிகள் தரையில் விழவில்லை.

நடுவழியில் காணாமற் போயின.

"இவ்வளவும் எடும்," என்று கிளாஸையே நீட்டினார். விஸ்கி ததும்பியது. குறையவில்லை. அங்கே இருந்ததற்கு விஸ்கி வேண்டாம் போலிருந்தது.

மின்விளக்கு அணைந்தது.

நெற்றியில் குளிர்ந்த விரல் முட்டி ஒன்று பட்டது.

டொங்.

ஓட நினைத்தார். கால் வரவில்லை.

தொண்டையில். டொங்.

நெஞ்சில். டொங்.

அது அவசரப்படவில்லை. பழகிய கை. விலா எலும்பு ஒவ்வொன்றாக இறங்கியது. வலப்பக்கம், ஈரலின் மேல் நின்றது.

தொப்.

பிறகு அவரது வயிற்றுக்குள் ஒரு விரல் நனையும் சத்தம்.

இருட்டில், சூடாக, ஒரு துளி தரையில் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.