எட்டாம் லயத்துப் பாட்டு

“கொலை சார்! குளுவாங் ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ல... மாடி கஃபே! சீக்கிரம் வாங்க!”

போனில் அலறியவன் ரேமண்ட்.

பக்கத்துத் தெருவில் ரோந்திலிருந்த இன்ஸ்பெக்டர் வீரமுத்து இரண்டே நிமிடத்தில் ஒரு கான்ஸ்டபிளோடு மாடியேறினார். பிற்பகல் மூன்று மணி.

மேடை மேல் கஃபே முதலாளி கமலநாதன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் ஷர்மினி. அவள் கையில்... ரத்தம் தோய்ந்த மைக் ஸ்டாண்ட்!

வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமையானால் கிட்டாரும் கையுமாக இந்த மேடைக்கு வந்துவிடுவாள். பாடுவதெல்லாம் சொந்தப் பாட்டு. யாராவது சினிமாப் பாட்டு கேட்டால் எரித்துவிடுவதுபோல முறைப்பாள்.

“கீழ வை அதை!” வீரமுத்து உறுமினார்.

“அவர் மேல கெடந்துச்சு சார்... எடுத்துத் தள்ளிப் போடத்தான்...”

“பொய்!” ரேமண்ட் முன்னால் பாய்ந்தான். ஜொகூர் பாருவிலிருந்து வந்து இங்கே பாடுகிறவன். சட்டையில் அடித்திருந்த சென்ட் பத்தடிக்கு மணத்தது. “நான் இப்பத்தான் ஜேபிலேர்ந்து வந்தேன் சார். கதவத் தொறந்தா இவ ஸ்டாண்டோட நிக்கிறா!”

“கமலநாதனை கடைசியா எப்பப் பார்த்த?”

“ஒரு மாசமாப் பார்க்கவும் இல்ல, பேசவும் இல்ல. ‘ஷர்மினி என் பாட்டைத் திருடிட்டா’ன்னு நேத்து மெசேஜ் மட்டும் அனுப்பினேன். அவர் இவளைக் கேட்டிருப்பாரு... போட்டுட்டா!”

“உன் பாட்டா?” ஷர்மினி கத்தினாள். “எட்டாம் லயம் என் பாட்டுடா! நான் சவுண்ட் செக் பண்றப்ப திருட்டுத்தனமா போன்ல பதிவு பண்ணின நாயே!”

“வாய மூடு! சிங்கப்பூர் மியூசிக் கம்பெனி என் பேர்லதான் அதை வெளியிடுது. பொறாமை லா உனக்கு!”

வீரமுத்து அவள் பக்கம் திரும்பினார். “உன் பாட்டுன்னு யாருக்குத் தெரியும்?”

“கமலநாதன் அண்ணனுக்கு. அவருக்குத்தான் மொதல்ல பாடிக் காட்டினேன்.”

பேஷ்! இருந்த ஒரே சாட்சியும் பிணம்!

கைவிலங்கு வெளியே வந்தது. ஷர்மினி பின்வாங்கினாள். ஜெயிலுக்குப் போவது ஒரு பயம். தான் உள்ளே இருக்கும்போது இந்தக் களவாணி வெளியே தன் பாட்டைப் பாடுவானே... அது அதைவிடப் பெரிய பயம்.

“கொஞ்சம் பாடு தம்பி, கேட்போம்,” என்றார் வீரமுத்து ரேமண்டிடம்.

பிணத்தை வைத்துக்கொண்டு பாட்டு! ரேமண்ட் கூச்சமே படவில்லை. தொண்டையைச் செருமினான்.

“எட்டாம் லயத்துல... எம் மூச்சு கெடக்குது...”

குரல் நன்றாகத்தான் இருந்தது, பாவிக்கு!

“லயம்னா என்ன?”

“ரிதம் சார்! எட்டு எண்ணிப் போடுற தாளம். காதல் வந்தா இதயம் அப்படித்தான் துடிக்கும்!”

ஷர்மினியால் அடக்க முடியவில்லை. அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள்.

“தாளமா? முட்டாப் பயலே! லயம்னா எஸ்டேட்ல வரிசை வீடுடா! ரெங்கம் தோட்டத்துல எட்டாவது வரிசை... நான் பொறந்த வீடு!”

பெக்கோக் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த வீரமுத்துவின் மீசை துடித்தது.

ஷர்மினி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ரேமண்டின் முகம் கறுத்தது. கையை ஓங்கினான்.

“சிரிக்காதடி! அந்தாளும் இப்படித்தான் விழுந்து விழுந்து சிரிச்சான்!”

ஷர்மினியின் சிரிப்பு நின்றது.

“எந்தாளு தம்பி?” வீரமுத்து மெதுவாகக் கேட்டார். “ஒரு மாசமாப் பார்க்காத ஆளா?”

“அலமாக்...” நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாடிப்படியை நோக்கி ஓடினான் ரேமண்ட். கான்ஸ்டபிள் காலை நீட்டினார். விழுந்தவன் முதுகில் வீரமுத்துவின் முழங்கால் ஏறியது. க்ளிக்!

“உண்மைய கம்பெனிக்குச் சொல்லிடுவேன்னான் சார்... போனைக் கையில எடுத்துட்டான்... அதான்...” ரேமண்ட் விம்மினான்.

வீரமுத்து அவன் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“பாட்டைப் பதிவு பண்ணின சரி... அப்படியே அர்த்தத்தையும் ஒரு வார்த்தை கேட்டுப் பதிவு பண்ணிட்டுப் போயிருக்கக் கூடாதா லா?”