பின்கதவுக்கு ஒரு ரிவோல்வர்

மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய ஞாயிறு. மார்க்கம் நகருக்கு வடக்கே, நெடுஞ்சாலையோரத் துவக்குக் கடையில், துவாரகா கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றாள். பக்கத்தில் அவள் கணவன் ஜனார்த்தன்.

"பயம் எண்டு சொல்லிப்போடாதையும்," என்றான் மெல்ல. "குறி பழக எண்டு சொல்லும். பயத்துக்கெல்லாம் இஞ்ச துவக்குத் தரமாட்டாங்கள்."

கடைக்காரர் றிச்சர்ட் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பாரம். இரண்டாவதன் விசை கல்லாக இருந்தது. மூன்றாவது சின்ன ரிவோல்வர். பிடி அவள் உள்ளங்கையில் அடங்கியது.

"கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் வாங்கித் தாற முதல் நகை," என்றாள்.

"அப்ப ரெண்டு கையாலயும் பிடியும்."

போன ஆவணியில், சித்தாலேபத் தைலம் மணக்கும் கீழ்த்தள பேஸ்மன்றில் குடியிருந்த அவள் அண்ணன் ஸ்ரீதரன் மாரடைப்பில் இறந்தான். அதன்பின் அந்த யூனியன்வில் வீட்டில் இவர்கள் இருவர்தான். புரட்டாதியில், பொழுதுபடும் நேரங்களில், பின்கதவின் கைப்பிடி அசையத் தொடங்கியது. மெதுவாக. பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் அசைப்பதுபோல.

"கள்ளர்," என்றான் ஜனார்த்தன். "நான் பிறம்ரனுக்கு வேலைக்குப் போனால் நீர் தனிய. சுடப் பழகும்."

மாரி முழுவதும் லைசென்சுக்குப் படித்தாள். துவக்கு கைக்கு வர வைகாசி ஆயிற்று.

சுடப் பழகும் கிளப்பில் காற்று வெடிமருந்து மணத்தது. காதுமூடியை மாட்டியதும் உலகம் பஞ்சுக்குள் போய்விடும். மூச்சை விட்டு, விசையை மெல்ல இழுக்கவேண்டும். தாளில் வெறும் வட்டங்கள்தான்.

"வட்டம் எண்டு நினையாதையும்," என்று சொல்லியிருந்தான் ஜனார்த்தன். "நெஞ்செண்டு நினையும்."

ஒருநாள் குண்டுகள் நடுவட்டத்தில் விழத் தொடங்கின. மீண்டும் குறிவைத்தாள்.

சித்தாலேப மணம் வந்தது.

அவள் காதுக்கும் காதுமூடிக்கும் நடுவில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஆருக்கு உது?"

ரிவோல்வரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். ஒருவரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனார்த்தன் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுதுபட வீடு வந்தார்கள். அன்று அவனுக்கு வேலை இல்லை. குசினிக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

கைப்பிடி அசைந்தது.

"எடும்," என்றான். அவன் கதவுப் பக்கம் போகவில்லை. பின்வாங்கினான்.

துவக்குப் பெட்டியைத் திறந்து குண்டுகளைப் போட்டாள். "பொலிசுக்கு ஃபோன் அடியுங்கோவன்!"

"அடிச்சு என்னெண்டு சொல்லுறது?"

ஃபோனை நீட்டினான். பின்கதவுக் கமரா. பழுது என்று அவளிடம் சொல்லியிருந்தான். அதில் புரட்டாதி இருந்தது, தை இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே ஆள். உடலோடு எரித்த பட்டு வேட்டி. நெற்றியில் திருநீறு. பனிக்குள் வெறுங்காலோடு நின்றான். சுற்றிவர ஒரு காலடியும் இல்லை.

"அண்ணை," என்றாள்.

"சவப்பெட்டியை மூடேக்க நீர் என்ன சொன்னனீர்? யோசியும்."

யோசித்தாள். ஸ்ரீதரன் வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று அவள் சொல்வது. அன்றும் பழக்கத்தில் வாயில் வந்தது. செத்தவீட்டில் ஒருவரும் சொல்லாத சொல். சனம் அப்படியே அடங்கிப்போனது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போயிட்டு வாங்கோ அண்ணை."

"கூப்பிட்டது நீர்," என்றான் ஜனார்த்தன். "நீர்தான் மறிக்கவேணும்."

"அதுக்கு என்ரை அண்ணையைச் சுடப் பழக்கினனீங்களோ? நெஞ்சு எண்டு சொல்லிச் சொல்லி?"

கார்த் திறப்புக்கொத்து அவன் கையில் இருந்தது. முன்கதவு திறந்தது. வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. கார் தெருவில் இறங்கிப் போனது.

துவாரகா இரண்டு கைகளாலும் ரிவோல்வரை உயர்த்தினாள். மூச்சை விட்டாள்.

கைப்பிடி நின்றது.

கதவுக்கு அப்பால், மிகக் கிட்டவாக, ஆறுதலான குரல்.

"துவா, அவன் போயிட்டான். இனித் திறக்கலாம்தானே?"