சாளரத்துக்கு மட்டும் அனுமதி

தரமணி அலுவலக வாசலில் காலை ஒன்பது மணிக்கு வழக்கமான வரிசை. ஒவ்வொருவராகக் கருவியிடம் நெற்றியைக் காட்டி, வீட்டுச் சூழலை மூடி, பணிச்சூழலைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். வீட்டு நினைவு உள்ளே வராது, அலுவலக நினைவு வெளியே போகாது. ரகசியம் கசியாமலிருக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி. வேலை வேண்டுமே என்று நாமும் தலையாட்டிவிட்டோம்.

சுடர்க்கொடிக்கு இன்று கால் நகரவில்லை. மகள் நிலானிக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி. விடுப்பு கிடைக்கவில்லை. கணவன் அருள்செல்வன்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தான். "ஒண்ணுன்னா உடனே கூப்பிடறேன், நீ ஓடி வந்துடு" என்று சொல்லியிருந்தான்.

"அவசர அனுமதி?" என்று கேட்டது கருவி. உள்ளேயும் திறந்து வைத்துக்கொள்ள இரண்டு கட்டங்கள் தெரிந்தன: கணவனின் அழைப்புச் சாளரம், வீட்டு நினைவு. அனுமதிகளைக் குறுக்குவதுதான் சுடர்க்கொடியின் பிழைப்பு. எந்தச் செயலிக்கும் கேட்டதற்கு மேல் இம்மியும் திறக்காதவள் என்று பெயர் எடுத்தவள். அலுவலக நினைவு வெளியே வராவிட்டாலும் பழக்கதோஷம் வந்துவிடுகிறது; விரல் முதல் கட்டத்தை மட்டும் தொட்டது. அழைப்பு வந்தால் போதாதா?

"சீக்கிரம் மேடம், லாகின் டைம் ஆயிடுச்சு" என்றார் பின்னால் நின்றவர். உள்ளே போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு அவள் திரையில் ஒரு சாளரம் திறந்தது. வியர்த்த முகத்துடன் ஓர் ஆண்.

"சுடர், குடல்வால் வெடிச்சிருச்சாம். உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். பாப்பா உன்னைக் கேட்டு அழறா, கிளம்பு!"

"சார், உங்களுக்கு யார் வேணும்?"

"விளையாடாதே சுடர், நான் அருள்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே சார்."

அவன் முகம் வெளுத்தது. "நினைவைத் திறந்து வைக்கலையா நீ? ஐயோ... சுடர், ஒரே ஒரு தடவை வாசலுக்கு வந்துடு. வெளியே வந்தா எல்லாம் உனக்கே தெரியும்."

முன்பின் தெரியாதவர் வாசலுக்குக் கூப்பிட்டால் போகக்கூடாது. பாதுகாப்பு வகுப்பின் முதல் பாடம் அது. அந்த வகுப்பை எடுப்பவளே அவள்தான். மூடுவதற்குக் கையைக் கொண்டுபோனாள்.

அதற்குள் அவன் கைபேசியைத் திருப்பிவிட்டான். தள்ளுபடுக்கையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தது.

"அம்மா, வலிக்குதும்மா. நீ வந்தாத்தான் உள்ள போவேன்."

சுடர்க்கொடிக்குப் பாவமாக இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, இப்படியா ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்துவார்கள்?

"அழாதே செல்லம். உங்க அம்மா இப்ப வந்துடுவாங்க" என்றாள்.

பிறகு சாளரத்தை மூடி, அந்த எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்த்தாள்.